வெண்டோவர், மாற்று பூஜ்யம்

அன்று பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். பெண்ணின் அப்பா பிரமநாயகம், அம்மா கோமதி, பெண் வடிவு. மாப்பிள்ளை அனவரதன், அவனுடைய அப்பா சங்கரவேலு, அம்மா திரிபுரசுந்தரி. ஏழாவது ஆள் கோமதியின் அண்ணன், பெண்ணுக்குத் தாய்மாமன், குற்றாலிங்கம். வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் அன்று சங்கரன்கோவிலில் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த தராசுப் பெட்டியை எட்டாவதாகச் சேர்ப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அதுவும் நடுவில் பேசியது என்பது உண்மை.

குற்றாலிங்கத்துக்கு எழுபத்திரண்டு வயது. பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாய மாட்டார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், வேட்டி மடிப்பு கலையாமல், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு.

நிச்சயதார்த்தத்துக்கான தட்டுகள் நடுவில் இருந்தன. தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாம் இருந்தும் எவரும் அவற்றைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தராசுப் பெட்டியின் மேல் இருந்தது.

"குற்றாலிங்கம். முதுகலைப் பொறியியல், வெண்டோவர் பல்கலைக்கழகம், ஒஹாயோ, அமெரிக்கா," என்றது பெட்டி. அதன் குரலில் துக்கமும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. "இன்றைய மாற்று நான்கு. வெண்டோவர் இன்றிரவோடு மூடப்படுகிறது. நாளை முதல் பூஜ்யம்."

தராசு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும் ஆராய்ச்சி, கருவி, மருந்து, அங்கே படித்தவர்கள் பார்க்கும் வேலை எல்லாவற்றையும் ஓயாமல் அலசி, தினமும் விடியும்போது ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் இயந்திரம் அது. பொன்னை உரசிப் பார்ப்பது போல இருந்ததால் நம் பக்கத்தில் அந்த எண்ணுக்கு மாற்று என்றே பெயர் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அங்கே எந்தக் காலத்தில் படித்தவனானாலும் அவன் பெயரோடும் அந்த எண் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வருடத்துக்கு முன் வாங்கிய பட்டம் இன்று ஏறும், நாளை இறங்கும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் வருகிறவர்களுடைய மாற்றையெல்லாம் கூட்டிச் சராசரி போட்டால் அது புதுத் தம்பதியின் குடும்ப மாற்று. வேலை, விசா, மருத்துவமனை வரிசை எல்லாம் அதைப் பார்த்துத்தான்.

"குடும்ப மாற்று ஐம்பத்தெட்டு," என்றது பெட்டி. "கிகாலி ஆய்வு நிலையத்துக்குத் தேவையானது அறுபது."

சங்கரவேலு தொண்டையைச் செருமினார். பட்டுச் சட்டை, தங்கச் சட்டமிட்ட கண்ணாடி. நீர்த்தேக்கங்களுக்கு ஆலோசகர். லுவாண்டா கழகத்தில் படித்தவர் என்பதால் அவருக்கு மாற்று தொண்ணூற்றொன்று. உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எழுந்து நின்று கைகொடுப்பார்கள்.

"அண்ணாச்சி, நான் சுத்தி வளைக்காமச் சொல்லிடுதேன். பையனுக்குக் கிகாலியில வேலை ஆயாச்சு. வடிவுக்கும் அங்கேயே இடம் இருக்கு. ஒரே ஒரு பேர்தான் தடுக்கு. லுவாண்டாக்காரங்க மறுபதிவுக்கு இன்னைக்கு ராத்திரி வரைக்கும் நேரம் கொடுத்திருக்காங்க. நீங்க பெட்டி முன்னால நின்னு 'சம்மதம்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெண்டோவர்ல படிச்சது லுவாண்டாவுல படிச்சதா ஆயிரும்."

"எப்படி ஆகும்?" என்றார் குற்றாலிங்கம்.

"எப்படின்னா? பதிவு எல்லாத்தையும் அவங்களே மாத்திருவாங்க. சான்றிதழ், ஆய்வேடு, பழைய போட்டோ உள்பட."

"போட்டோவுல பனி கிடக்குமே. லுவாண்டாவுல பனி பெய்யுமா?"

வடிவு சிரித்துவிட்டாள். கோமதி அவள் தொடையில் கிள்ளினாள்.

"பனியையும் எடுத்துருவாங்க, அண்ணாச்சி," என்றார் சங்கரவேலு. அவர் சிரிக்கவில்லை. "எத்தனையோ பேர் செஞ்சுட்டாங்க. வெண்டோவர்ல படிச்சவங்கள்ல இன்னும் பேரை மாத்தாம இருக்கிறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். அமெரிக்காவோட காலம் முடிஞ்சு போச்சு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவை அடைச்சாங்க, நல்ல வாத்தியார்கள் வெளியே போனாங்க, அவங்க பின்னாலயே பேரும் போயிருச்சு. அங்கே கிடந்து மல்லுக்கட்டி என்ன செய்ய?"

"காலம் முடிஞ்சா என்ன? என் தாத்தா காலத்துல லண்டன்னா எழுந்து நின்னாங்க. அதுக்கும் முன்னால அமெரிக்காக்காரனே படிக்கிறதுக்கு ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினான். நான் போகும்போது அமெரிக்கா. இன்னைக்கு லுவாண்டா. நாளைக்கு எந்த ஊரோ! ஒவ்வொரு தடவையும் நான் எங்கே படிச்சேன்னு மாத்திக்கிட்டே இருக்கணுமா? பாலத்துக்கு அஸ்திவாரம் ஒரு தடவைதான் போட முடியும்."

பிரமநாயகம் இதுவரை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நெல்லையில் டிப்ளமா முடித்து, மின்மாற்றிப் பட்டறை நடத்தி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர். இப்போது மெதுவாகச் சொன்னார்:

"அத்தான் சொல்றது நியாயம்தான். ஆனா ஒண்ணு. எங்க கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்குக் கீழே 'அமெரிக்கா'ன்னு கொட்டை எழுத்துல போட்டீங்க. என் டிப்ளமாவைப் போடவே இல்லை."

"அச்சகத்துக்காரன் இடம் பத்தலைன்னான்."

"ஆமா, ஆமா. அமெரிக்காவுக்கு இடம் இருந்துச்சு."

"ஏங்க, இந்தப் பேச்சு இப்போ எதுக்கு?" என்று கோமதி இடைமறித்தாள்.

"பேசட்டும்," என்றார் குற்றாலிங்கம். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

திரிபுரசுந்தரி ஒரு வழி சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். "மாமா பேரை மட்டும் பத்திரிகையில போடாம விட்டா என்ன? அதனால அவர் மனசு நோகுமா?"

கோமதி தலையை நிமிர்த்தினாள். அண்ணனைப் போலவே அவளுக்கும் வளையாத கழுத்து. "மதினி, தாய்மாமன் பேர் இல்லாத பத்திரிகையை எந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்? 'உங்க அண்ணன் செத்துட்டாரா'ன்னு கேப்பாங்க. அதுக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்."

ஆகவே வழி இரண்டுதான் இருந்தது. குற்றாலிங்கம் சம்மதம் சொல்ல வேண்டும், அல்லது வடிவுக்குக் கிகாலி இல்லை; கிகாலி இல்லையென்றால் சம்பந்தம் நிற்குமா என்பதே சந்தேகம். வடிவு மாமாவைப் பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குற்றாலிங்கம் அவளைப் பார்த்தே பேசினார்.

"வெண்டோவர்ல ஒரு சுவர் உண்டு. பொறியியல் கட்டடத்துல நீளமா ஒரு நடை, அதுல ஒரு பக்கம் முழுக்கச் சுவர். கணக்குல தப்பு செஞ்சவன் அந்தத் தாளைக் கொண்டுபோய் அங்கே ஒட்டணும். கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. தப்பு மேல குறுக்கே ஒரே ஒரு கோடு. என்ன தப்புன்னு கீழே இருக்கிறது படிக்கத் தெரியணும். கோட்டுக்கு அடியில அவன் பேர், முழுப் பேர். மாணவன் மட்டும் இல்ல, வாத்தியாரும் ஒட்டணும். ஹால்வர்சன்னு ஒரு அம்மா, எங்க துறைத் தலைவர். அவங்க தாள் பத்துப் பதினைஞ்சு அங்கே இருக்கும். நான் போய்ச் சேர்ந்த புதுசுல வெள்ளம் பாலத்தூண் அடியை எவ்வளவு அரிக்கும்னு ஒரு கணக்குப் போட்டேன். தப்பு. அந்தக் கணக்குப்படி கட்டியிருந்தா முதல் மழைக்கே தூண் சாஞ்சிருக்கும். ஒட்டினேன். ஊர்ல முதல் மாணவன்னு தலை நிமிர்ந்து போனவன், அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அந்தத் தப்பைப் பார்த்துத்தான் கொக்கிரகுளத்துக்குக் கீழே பாலத்தைக் கட்டினேன். எத்தனை வெள்ளம் வந்துச்சு, நிக்குதா இல்லையா?"

"நிக்குது மாமா."

"தராசு வந்த பிறகு அந்தச் சுவரைச் சுரண்டிட்டாங்க. பெட்டி தப்பையெல்லாம் எண்ணி மாற்றைக் குறைக்குதுன்னு பயம். வெண்டோவர் விழுந்தது அன்னைக்கு. இன்னைக்கு மூடுறாங்க, அவ்வளவுதான். நான் சம்மதம்னு சொன்னா என் தப்பும் போயிரும். நான் தப்பே செய்யாத ஆள் ஆயிருவேன். அப்படி ஒருத்தன் கட்டின பாலத்துல நான் நடக்க மாட்டேன்."

சங்கரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"முதல்ல பத்திரிகையை எழுதுவோம்," என்றாள் கோமதி. "அண்ணன் வரியை மட்டும் விட்டுவச்சு எழுதுவோம். நல்ல நேரம் போயிடும்."

எத்தனை பெட்டி வந்தாலும் நிச்சயப் பத்திரிகை கையால்தான் எழுதப்படுகிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள், மாப்பிள்ளையின் தகப்பனார் கையெழுத்து. எழுதி முடித்ததும் சபையில் உரக்கப் படித்துவிட்டுத் தட்டு மாற்றுவார்கள். சங்கரவேலு பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அழகான கையெழுத்து. பெண்ணின் தகப்பனார் பெயருக்கு வந்தபோது பேனா தடுமாறவில்லை, மனசுதான் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

"அம்பாசமுத்திரம்னு எழுதிட்டீங்களே. எங்களுக்கு ஆழ்வார்குறிச்சி," என்றார் பிரமநாயகம், எட்டிப் பார்த்து.

"அடடே," என்றார் சங்கரவேலு.

அவருடைய கை தானாகப் போனது. அம்பாசமுத்திரத்தின் மேல் குறுக்கே ஒரே ஒரு கோடு. நேர்க்கோடு. அடியில், சின்ன எழுத்தில், தெளிவாக: சங்கரவேலு.

"ஏங்க!" என்று திரிபுரசுந்தரி அலறினாள். "மஞ்சள் தடவின தாள்ல கோடு போடுவாங்களா? வேற தாள் எடுக்கக் கூடாதா? அபசகுனம் மாதிரி!"

அவள் சொன்னது சரி. மங்கலத் தாளில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பிசகினால் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுப்பார்கள். அந்தத் தாளில் கோடு போட்டு அடியில் தன் பெயரையும் எழுதுகிற ஆளைத் தமிழ்நாட்டில் எங்கே போய்த் தேடுவது?

சங்கரவேலு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார். குற்றாலிங்கம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில மை பட்டிருக்கு," என்றார் குற்றாலிங்கம், எழுந்துகொண்டே. "வாங்க சம்பந்தி, கொல்லையில குழாய் இருக்கு."

கையில் மை எதுவும் இல்லை. இரண்டு பேரும் கொல்லைப்புறம் போனார்கள். குற்றாலிங்கம் குழாயைத் திறந்துவிட்டார், சத்தம் கேட்கட்டும் என்று.

"எந்த வருஷம்?"

சங்கரவேலு தண்ணீரில் கையை நீட்டி நனைத்தார். "உங்களுக்கு நாலு வருஷம் பின்னால."

"ஹால்வர்சன் அம்மா இருந்தாங்களா?"

"என் ஆய்வேட்டை அவங்கதான் திருத்தினாங்க. மூணு தாள் ஒட்டினேன், அண்ணாச்சி. ஒண்ணு உங்க தாளுக்குப் பக்கத்துல. குற்றாலிங்கம்னு தமிழ்லயும் எழுதி வச்சிருப்பீங்க. பனியில நடந்து வந்து அதைப் பார்த்துட்டு நின்னேன். நம்ம ஊர் ஆள் ஒருத்தரும் தப்பு செஞ்சிருக்காரேன்னு அவ்வளவு ஆறுதல்."

"அப்புறம் ஏன்?"

"எட்டு வருஷத்துக்கு முன்னால பையனுக்குக் கல்லூரி இடம் தேடினோம். பெரிய இடமா இருந்தா குடும்ப மாற்று எழுபத்தஞ்சு வேணும். எங்களுக்கு எழுபத்துமூணு. பெட்டி முன்னால நின்னு சொன்னேன், ஒரே வார்த்தை. வீட்ல அவளுக்கு மட்டும் தெரியும். பையனுக்குத் தெரியாது, நான் எங்கே படிச்சேன்னு அதுக்கு முன்னால அவன்கிட்ட சொன்னதே இல்லை." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "அன்னைக்கு ராத்திரி பழைய போட்டோவைத் திறந்து பார்த்தேன். பனி இருந்த இடத்துல மணல். என் பக்கத்துல யாரோ முகம் தெரியாதவங்க நிக்காங்க. ஹால்வர்சன் அம்மா இல்லை. நீங்களும் செஞ்சிருந்தீங்கன்னா, எல்லாரும் செய்றதைத்தானே செஞ்சோம்னு ஆயிருக்கும். அதுக்குத்தான் அப்படி வற்புறுத்தினேன். மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். நான் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். சம்பந்தி மானம் என் மானம். இந்தக் குழாய்க்கு வெளியே என் வாயிலிருந்து வராது." குற்றாலிங்கம் குழாயை மூடினார். "ஆனா என் பேருக்குக் கீழே லுவாண்டா வராது. அதையும் சொல்லிடுதேன்."

இருவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். திரிபுரசுந்தரி புதுத் தாளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்," என்றார் சங்கரவேலு. "இதே தாள் இருக்கட்டும்." கோடு போட்ட தாளை எடுத்து, மிச்சத்தையும் எழுதினார். குற்றாலிங்கத்தின் வரியை அவர் எப்படி எழுதினார் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு எழுந்து நின்று, வழக்கப்படி உரக்கப் படிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் பெயர்தான் முதலில் வரும்.

"நிகழும் மங்கலகரமான..." என்று தொடங்கி நாள், நட்சத்திரம் எல்லாம் படித்தார். "கடையநல்லூர் சங்கரவேலு, முதுகலைப் பொறியியல்..."

நிறுத்தினார். வெளியில் ஒரு வண்டி போயிற்று.

"...வெண்டோவர் பல்கலைக்கழகம், ஒஹாயோ, அமெரிக்கா."

"பதிவோடு பொருந்தவில்லை," என்றது பெட்டி உடனே. "சங்கரவேலு, லுவாண்டா கழகம். மறுபதிவைத் திரும்பப் பெறுகிறீர்களா? பெற்றால் மீண்டும் பதிய முடியாது."

"பெறுகிறேன்."

"மாற்று நான்கு. நாளை முதல் பூஜ்யம். குடும்ப மாற்று நாற்பத்தாறு."

"அப்பா!" அனவரதன் எழுந்துவிட்டான். அமைதியான பிள்ளை, அவன் குரல் உயர்ந்து அன்றுதான் அந்த வீட்டில் கேட்டார்கள். "என்னப்பா இது? நீங்க லுவாண்டாவுல..."

"போனதே இல்லை. விமானம் மாறக்கூட அங்கே இறங்கினது இல்லை."

"தூக்கத்துல வெண்டோவர் வெண்டோவர்னு முனகுவார்," என்றாள் திரிபுரசுந்தரி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. "இப்பவாவது முழிச்சிருக்கும்போது சொன்னாரே."

"நாளைக்கு உங்க ஆலோசகர் வேலை போயிரும், தெரியுமா?" என்றான் அனவரதன்.

"தெரியும். அணை விஷயம் கேக்க வாரவங்க கேக்கட்டும். மாற்றைக் கேக்க வாரவங்க போகட்டும்."

வடிவும் எழுந்தாள். கன்னியாகுமரிப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவள். பேச்சும் உப்பு நீக்கினது போலத் தெளிவாகத்தான் இருக்கும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் அனவரதனிடம். "கிகாலி போச்சு. எனக்கு இங்கே வேலை இருக்கு, உங்களுக்கு இனிமேதான் தேடணும். எழுந்து போறதா இருந்தா இப்பவே போங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். தட்டு மாத்தின பிறகு ஒரு நாளும், உங்க மாமாவாலதான் எல்லாம் போச்சுன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. வந்தா அன்னைக்கே நான் போயிருவேன்."

"வடிவு!" என்றாள் கோமதி.

"சொல்லட்டும் அத்தை," என்றான் அனவரதன். அப்பாவைப் பார்த்தான். அந்த முகத்தில் எட்டு வருடங்களாக எங்கோ ஓர் ஓரத்தில் இருந்து வந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. அது என்ன என்று அவனுக்குப் பெயர் தெரியவில்லை.

"அந்தப் பேனாவைக் கொடுங்கப்பா."

பத்திரிகையை வாங்கித் தன் பெயர் இருந்த வரியைத் தேடினான். 'கிகாலி ஆய்வு நிலையம்' என்று இருந்ததன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டான். கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அடியில் தன் பெயரை எழுதினான்.

"இப்படித்தானே மாமா?"

"கோடு நேரா இருக்கணும்," என்றார் குற்றாலிங்கம். "போகப் போக வரும்."

"நீயுமாடா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் திரிபுரசுந்தரி. "ஒரு கோடு போதாதுன்னு இன்னொண்ணா! இந்தத் தாளை எந்தச் சாமி முன்னால வைக்கிறது?"

"எல்லாச் சாமி முன்னாலயும் வைக்கலாம், மதினி," என்றார் பிரமநாயகம். "அதுங்க நிறையத் தப்பு பார்த்திருக்கும்."

தட்டு மாற்றினார்கள். வெற்றிலை கொஞ்சம் வாடியிருந்தது. தாய்மாமன் என்ற முறையில் குற்றாலிங்கம் சந்தனம் வாங்கிக்கொண்டபோது பெட்டி மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தது. வடிவு போய் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டாள். துண்டுக்குள்ளிருந்து அது பேசிக்கொண்டே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

புறப்படும்போது குற்றாலிங்கம் மைத்துனரை வாசலில் நிறுத்தினார்.

"பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும்போது உங்க பேருக்குக் கீழே டிப்ளமாவைப் போடச் சொல்லுங்க. நெல்லைன்னும் போடணும்."

"இடம் இருக்குமா அத்தான்?"

"என் வரியைச் சின்னதாக்கச் சொல்லுங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அனவரதன் இப்போது தூத்துக்குடியில் வேலை பார்க்கிறான். சங்கரவேலுவுக்கு வேலை குறைந்தது உண்மை. அணைகளைப் பற்றிக் கேட்க இன்னும் சிலர் வருகிறார்கள், அவர் வீட்டு நடையில் ஒரு பக்கச் சுவர் காகிதங்களால் நிறைந்துகொண்டு வருகிறது.

ஊரில் வேறு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். சங்கரவேலுவின் பழைய கதையை வைத்துக் குற்றாலிங்கம் கொல்லையில் மிரட்டினார் என்று ஒரு பேச்சு. மிரட்டவில்லை. குறைந்த மாற்றை மறைப்பதற்காகப் பத்திரிகையில் எண்ணே போடாமல் அச்சடித்தார்கள் என்று இன்னொரு பேச்சு. அதுவும் பொய். எண் இருந்தது. குற்றாலிங்கம் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம், சங்கரவேலு பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம். வரியைத்தான் சின்னதாக்கச் சொன்னார். பூஜ்யத்தைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னதும் குற்றாலிங்கம்தான்.